பதினேழாம் எண் போத்தல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஊழியர்களுக்குக் கட்டாயப் போதைப்பொருள் சோதனை தொடங்கியபோது முதன்முதலாகப் பிடிபட்ட சிறுநீர் என்னுடையது. ஆனால் பிடிபட்ட ஆள் நானில்லை. என்னைவிட நூறு மடங்கு யோக்கியமான இன்னொருவர். ஒருவருடைய சிறுநீரும் இன்னொருவருடைய பெயரும் ஒரே போத்தலில் சேர வேண்டுமானால் நடுவில் ஒரு முட்டாள் தேவைப்படுகிறான். அந்தப் பதவியை நான் விண்ணப்பம் போடாமலேயே பெற்றேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் துறையை இப்போது மனிதவளம் என்கிறார்கள். எங்கள் காலத்தில் அது வெறும் பெர்சனல். பெயரில் வளம் சேர்ந்த பிறகு மனிதர்களுக்கு என்ன சேர்ந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு வம்பு. நேர அட்டை, விடுப்பு, நேர்முகம் எல்லாம் உங்களுக்கு யாராவது கற்றுக்கொடுப்பார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றை, நான் தலைகுப்புற விழுந்து தெரிந்துகொண்டதை, மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை, தலைமையகம் அமெரிக்காவில். எனக்கு இருபத்தெட்டு வயது, துணை அதிகாரிப் பதவி, மூன்று கழுத்துப்பட்டிகள். ஒருநாள் தலைமையகத்திலிருந்து தொலைபேசிப் புத்தகம் கனத்தில் ஒரு கோப்பு வந்தது. உலகம் முழுக்க எங்கள் கம்பெனி ஊழியர்கள் அத்தனை பேரும் போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டுமாம். அந்தக் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நாள் தங்கி, கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. யாருக்கும் வேண்டாத கோப்பு துறையிலேயே இளையவன் மேசையில்தான் குடியேறும். நான் அதைப் பதவி உயர்வுக்கான அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

கோப்பில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தண்ணீர் கலந்துவிடாமலிருக்கக் கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் ஊற்ற வேண்டும். குழாயை அடைத்துவிட வேண்டும். கொடுப்பவருக்குப் பின்னால் ஒரு காவலாளி நிற்க வேண்டும். போத்தலுக்கு எண், எண்ணுக்குப் பாரம் என்கிற படிவம், பாரத்துக்கு மூன்று பிரதி. ‘இது என்னுடைய சொந்தச் சிறுநீர்’ என்று கொடுத்தவரும், ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்று அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்காதவர் ‘மறுத்தவர்’. மறுத்தவரும் மாட்டியவரும் ஒன்று. இருவருக்கும் வேலை இல்லை. ‘அனைத்து ஊழியர்களும்’ என்று முதல் பக்கத்தில் இருந்தது. நாற்பதாம் பக்கத்தில், மேலாளர்கள் தங்களுக்கு வசதியான நாளில் கம்பெனி மருத்துவரிடம் தனியாகக் கொடுக்கலாம் என்று இருந்தது. கௌரவமும் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் சுரக்கும் போலிருக்கிறது.

நான் மூன்று மொழிகளில் அறிவிப்பு எழுதி உணவறைச் சுவரில் ஒட்டினேன். ‘உங்கள் மேலான ஒத்துழைப்பை நாடுகிறோம்’ என்று முடித்திருந்தேன். மல்லிகா அக்கா என்று ஓர் ஊழியர்; உற்பத்திப் பிரிவில் பன்னிரண்டு வருடம், வாயைத் திறந்தால் பிரிவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, கேன்டீன்ல ஒரு ஃபேன் மாட்டுங்கன்னு கேட்டா, மேலிடத்துக்கு எழுதணும், ஆறு மாசம் ஆகும்ங்கிறீங்க. இது மட்டும் அவங்களுக்கு உடனே வேணுமாக்கும்.”

“இது பாதுகாப்புக்கு அக்கா.”

“யாருக்குப் பாதுகாப்பு? எங்க லைன்ல நிமிஷத்துக்கு எத்தன பீஸ் போகுதுன்னு தெரியுமா? கஞ்சா அடிச்சவனுக்கு அந்தக் கை வருமா லா?”

உணவறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் இல்லாதபோது சிரித்துவைப்பது பெர்சனல் அதிகாரியின் அடிப்படைத் தகுதி.

முதல் தொகுதிக்குத் தேதி குறித்தது நான்தான். தலைமையகம் அனுப்பிய நாட்காட்டி என் மேசையில் இருந்தது. பனிமலைப் படம் போட்டது, மிக அழகு. அதில் தைப்பூசம் இல்லை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு மையில் வட்டம் போட்டேன். நான் பிறந்து வளர்ந்தது பினாங்கில். வருடம் தவறாமல் தண்ணீர்மலைக்குப் போகிறவன். அங்கே சாமியைவிடத் தண்ணீர்ப் பந்தல்களைத்தான் அதிகம் சுற்றுவேன் என்றாலும், தைப்பூசம் எப்போது என்பது எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனால் கோப்பைத் திறந்துவிட்டால் நான் அமெரிக்கனாகிவிடுவேன்.

முதல் தொகுதி பண்டகசாலைக்காரர்களும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களும். பதினேழாம் எண் பெருமாள் அண்ணன். கெலுகோர் பக்கம் வீடு, நாற்பதைத் தாண்டியவர், பதினான்கு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்கியதில்லை. அவர் வட்டாரத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் சாவி அவரிடம்தான் இருக்கும். காலை வேலைக்கு வருமுன் கோயிலைத் திறந்து விளக்கேற்றிவிட்டு வருவார். ஒவ்வொரு வருடமும் காவடி. அதற்கு நாற்பத்தைந்து நாள் விரதம். பொழுது சாய்ந்து பூசை முடிந்த பிறகு ஒரு வேளை கஞ்சி, பழம். பகலில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. தொழிற்சாலை முழுவதிலும் போதைப்பொருள் இல்லாத உடம்பு ஒன்றுதான் என்று சத்தியம் செய்யச் சொன்னால், எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள். என்னைக் காட்டமாட்டார்கள்.

சோதனையன்று பெருமாள் அண்ணன் ஒரு மணிக்கு வந்தார். மூன்று முறை உள்ளே போய், மூன்று முறையும் வெறும் போத்தலோடு வெளியே வந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத உடம்பு. போதாததற்கு முதுகுக்குப் பின்னால் ஜாகா. அந்தக் காவலாளி ஒரு கையில் தடியும் மறு கையில் என் பாரமுமாக நின்றுகொண்டு, கொட்டாவி விடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் வண்டி வந்து பெட்டியை எடுத்துப் போய்விடும். மூன்று நாற்பதுக்கு வாசலில் ஏதோ லாரிச் சண்டை என்று ஜாகாவைக் கூப்பிட்டார்கள். “நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன் கம்பீரமாக.

எனக்கு அப்போது பத்து நாளாக விடாத இருமல். கம்பெனி மருத்துவர் கொடுத்த பழுப்பு நிற மருந்தை வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

“வரல சார்” என்றார் பெருமாள் அண்ணன், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

“ஒரு கிளாஸ் தண்ணி குடிங்கண்ணே. கால் மணி நேரத்துல வந்துரும்.”

“விரதம் சார்.”

“ஒரு மொடக்கு.”

“நாப்பத்து மூணு நாள் காப்பாத்திட்டேன். ஒரு போத்தலுக்காக விடச் சொல்றீங்களா?”

“விடலன்னா வேல போயிரும்ணே. மறுத்துட்டீங்கன்னு எழுதணும். எழுதினா என் கையில இல்ல.”

“நான் எங்க மறுத்தேன்? வரலன்னுதான் சொன்னேன்.”

பாரத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: கொடுத்தார், மறுத்தார். வரவில்லை என்று ஒரு கட்டம் போட அமெரிக்காவில் யாருக்கும் தோன்றவில்லை. தம்பிகளே, தங்கைகளே, இங்கே நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. படியேறிப் போய் மேலாளரிடம், “இந்த விதி தவறு, இந்த நாளும் தவறு, நாளைக் குறித்தவன் நான்” என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது படிகள்தான். ஆனால் அப்படிச் சொன்னால் என் முதல் பெரிய வேலை அரைகுறை என்று ஆகிவிடுமே. அதனால் அதைவிட எளிதான வழியைத் தேர்ந்தெடுத்தேன். போத்தலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். இருமலுக்காக நாள் முழுக்க வெந்நீர் குடித்தவன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நிரப்பி, மூடி, ஒட்டுத்தாளில் பதினேழு என்று எழுதி வெளியே வந்தேன். கருணை வழிந்த என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெருமாள் அண்ணன் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது சரியா சார்?”

“நான்தானே அதிகாரி. கையெழுத்துப் போடுங்க.”

“சொந்தம்னு எழுதியிருக்கே. விரதத்துல பொய்க் கையெழுத்தா?”

“பொய்யில்லண்ணே. பேப்பர் வேல.”

அவர் வெகு நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு போட்டார். கீழே ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்ற இடத்தில் நான் போட்டேன். அது மட்டும் முழு உண்மை.

இரண்டு நாள் கழித்துத் தைப்பூசம். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் ஒரு பந்தலின் முன் குளிர்ந்த ரோஸ் சிரப்போடு நான் நின்றபோது அவருடைய காவடி வந்தது. கன்னத்தில் வேல் குத்தியிருந்ததால் அவரால் பேச முடியாது. என்னைப் பார்த்ததும் கண்ணை மட்டும் ஒரு கணம் மூடித் திறந்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கோப்பை ரோஸ் சிரப் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வாரம் கம்பெனி மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர. பதினேழாம் எண்ணில் அபின் வகை. எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமாள் அண்ணனுக்கு அபினா? ஆய்வுக்கூடத்தில் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது இருமல் வந்தது. பழக்கதோஷத்தில் கை மேசைமேல் இருந்த பழுப்புப் போத்தலை எடுத்தது. எடுத்த கை பாதியில் நின்றது.

“ஒருவேளை, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், டாக்டர். இருமல் மருந்து குடித்தவருக்கு இப்படி வருமா?”

“மருந்தைப் பொறுத்தது. நாங்கள் கொடுக்கும் மருந்தில் வரும். ஆனால் அந்த ஓட்டுநர் இந்த வருடம் எங்களிடம் வரவே இல்லையே. அட்டையைப் பார்த்துவிட்டேன்.”

கம்பெனி செலவில் கம்பெனி மருத்துவர் கொடுத்த மருந்து, கம்பெனி அதிகாரியின் உடம்பு வழியாகக் கம்பெனிப் போத்தலில் இறங்கி, மறுபடி அதே மருத்துவரிடம் போய்க் குற்றமாகத் திரும்பி வந்திருந்தது. எவ்வளவு நேர்த்தியான நிர்வாகம். நடுவில் ஒரு மனிதரின் வேலை போகப்போகிறது என்பது மட்டுமே குறை.

விதிப்படி அன்றே பணிநிறுத்தக் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் விசாரணை. கடிதம் தயாரிப்பது யார் பொறுப்பு என்று கேட்காதீர்கள். என் வாழ்நாளில் ஒரு பிழைகூட இல்லாமல் நான் அடித்த ஒரே கடிதம் அதுதான். பெருமாள் அண்ணன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நான் என்னா செய்யணும் சார்?”

“மூணு நாள் டைம் இருக்குண்ணே. நான் யோசிக்கிறேன்.”

“சரி சார்” என்று ஃபோர்க்லிஃப்ட் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கத்தவில்லை. ‘நீதானே ஊத்தின’ என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் தெரியுமா. கோபப்பட்டுக்கொண்டே தப்பித்திருப்பேன்.

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் பொய்ப் பாரம் தயாரித்த குற்றத்துக்கு என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். இரண்டு பேர் வேலையும் போகாமல் ஒரு வழி இருக்க வேண்டும் என்று அன்று மதியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனேன். மனக்கஷ்டத்தில் எனக்குப் பசி அதிகமாகும். தட்டில் குருமாவை ஊற்றியபோது மின்னல் அடித்தது போல் ஒரு யோசனை.

“அண்ணே, இந்தக் கொழம்புல கசகசா உண்டா?”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கசகசா இல்லாம குருமாவா? வேற கடையில அப்படித்தான் குடுக்குறானா தம்பி?”

கசகசா அபின் செடியின் விதை. நிறையச் சாப்பிட்டால் சோதனையில் தெரியுமாம் என்று எங்கோ படித்திருந்தேன். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. நேராகக் கெலுகோருக்குப் போய், பெருமாள் அண்ணன் வீட்டு வாசலில் நின்றபடியே திட்டத்தை விளக்கினேன். சோதனைக்கு முதல் நாள் குருமா சாப்பிட்டதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

“விரதத்துல குருமாவா சார்?”

“காய்கறிக் குருமான்னு எழுதலாம்ணே.”

“கஞ்சியும் வாழப்பழமும்தான் சார் சாப்பிட்டேன்.”

“அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதம் இன்னும் அங்கேயே இருந்தது.

“ஒரு பொய் போட்டாச்சு. அதுக்கே மன்னிப்புக் கேட்டுகிட்டுத்தான் அலகு குத்துனேன். இன்னொண்ணு வேணாம் சார். நீங்க சாப்பிட்டீங்களா? சோறு இருக்கு.”

என் வயிற்றில் பாதி நாசி கண்டார் இருந்தது. “சாப்பிட்டேன்ணே” என்றேன். அந்த வாரம் நான் அவரிடம் பேசிய ஒரே உண்மை.

விசாரணைக்கு முதல் நாள் மல்லிகா அக்கா என் அறைக்கு வந்தார். வழக்கமாகக் கதவைத் தட்டுமுன்பே பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“தம்பி, பெருமாள் அண்ணன் தலவலிக்கு மாத்திரகூட போடமாட்டார். கஸ்தூரி மஞ்சள அரைச்சுப் பத்துப் போடுற ஆளு.”

“விசாரணை நடக்கும் அக்கா.”

“நடக்கட்டும். கோயில்ல நடந்து முடிஞ்சிருச்சு. கமிட்டிக்காரங்க நேத்து வந்து சாவிய வாங்கிட்டாங்களாம். குடிகாரன்கூடப் பரவால்ல, இந்தப் பேரு இருக்குற ஆளுகிட்ட சாவி வேணாம்னுட்டாங்களாம். காலையில வெளிய நின்னு கும்பிட்டுட்டுப் போறார்.”

நான் சிரித்துவைக்கவில்லை.

இனி எங்கள் மேலாளர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்து எல்லோரும் அரசாங்க குமாஸ்தாக்கள். அவருடைய பேச்சில் ஊர்த் தமிழ் அப்படியே இருக்கும், ஆனால் பேச்சே அதிகம் இருக்காது. நாங்கள் எழுதும் கடிதங்களைச் சிவப்பு மையில் பாதியாக வெட்டித் திருப்பி அனுப்புவார். என்னுடையவை கால்வாசியாகத் திரும்பும். என்னைப் பாராட்டி அவர் சொன்ன ஒரே வார்த்தை “பரவாயில்லை”. அதுவும் என் குடையைப் பற்றி.

விசாரணை அறையில் நான்கு பேர். மேலாளர் அம்மா, தன் ஃபோர்க்லிஃப்ட்டை யார் ஓட்டுவது என்ற கவலையில் இருந்த உற்பத்தி மேலாளர் (தமிழ் தெரியாத சீனர்), பெருமாள் அண்ணன், குற்றச்சாட்டை வாசித்து நடவடிக்கைக் குறிப்பு எழுதும் செயலாளராக நான். ஆம், அதையும் நானே. வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசித்ததில் அப்போதும் ஒரு அற்பப் பெருமை.

மேலாளர் அம்மா பதினேழாம் எண் பாரத்தின் பிரதியை மேசையில் தள்ளினார்.

“இது உங்கட போத்தலோ?”

பெருமாள் அண்ணன் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“கையெழுத்து என்னோடதுங்க.”

“நான் கையெழுத்தைக் கேட்கேல்ல. போத்தலைக் கேட்டனான்.”

“கையெழுத்து என்னோடதுதாங்க அம்மா.”

பொய்யும் சொல்லவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு அங்குல இடத்தில் நின்றுகொண்டு பதினான்கு வருட வேலையை விட்டுவிடத் தயாராக இருந்தார். மேலாளர் அம்மா பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அடக்கினேன். அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவு இருமினேன்.

மேலாளர் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“நீர் எத்தனை நாளாய் இருமுறீர்?”

“மூணு வாரமா மேடம்.”

“மருந்து குடிக்கிறீரோ?”

சாதாரண அக்கறைதான் அது என்று இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது; தண்ணீர் ஜாடியைக்கூட என் பக்கம் நகர்த்தினார். “குடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நடவடிக்கைக் குறிப்பில் அதற்கு இடம்கூடக் கிடையாது. ஆனால் பெருமாள் அண்ணனின் சட்டைப்பை என் கண்ணில் பட்டது. வழக்கமாக அந்தப் பையில் கோயில் சாவி ஒரு மஞ்சள் கயிற்றில் தொங்கும். என் கடிதம் மட்டும் இருந்தது.

“குடிக்கிறேன் மேடம். அந்த மருந்துதான் அந்தப் போத்தல்ல இருக்கு. அது என்னோட மூத்திரம்.”

ஏன், எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மேலாளர் அம்மா அதை உற்பத்தி மேலாளருக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னார். ஐந்து வார்த்தைகளுக்கு மேல் இருக்காது. உற்பத்தி மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வாக்குமூலம் மொழிபெயர்ப்பில் இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும்.

“இதையும் குறிப்புல எழுதவா மேடம்?” என்று கேட்டேன்.

“வேற ஆர் எழுதுறது? எழுதும்.”

எழுதினேன். ‘செயலாளர், தாமே அந்தச் சிறுநீருக்குச் சொந்தக்காரர் என்று தெரிவித்தார்.’ அந்தத் தாளில் சிவப்பு மை படவே இல்லை.

அன்றே, விரதமெல்லாம் முடிந்த பெருமாள் அண்ணன் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, யாரும் பின்னால் நிற்காத அறையில் சாவகாசமாகக் கொடுத்தார். சுத்தம். எனக்கு இறுதி எச்சரிக்கை. அந்தக் கடிதத்தையும் மேலாளர் அம்மா என்னையே எழுதச் சொன்னார். நான் என்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்ததால் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். தலைமையகத்துக்கு உண்மையை அப்படியே எழுதினார். வேலை பிழைத்தது, பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப் போனது. சோதனைக்கு முன் என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்கும் வரி பாரத்தில் ஏறியது. ‘வரவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு கட்டமும் வந்தது. என் பனிமலை நாட்காட்டியை எடுத்துப் போய்விட்டுத் தமிழ், சீன, மலாய் விசேஷ நாட்கள் அத்தனையும் போட்ட மளிகைக்கடை நாட்காட்டி ஒன்றை மாட்டினார். அதோடு ஓர் உத்தரவு: இனிமேல் ஒவ்வொரு சோதனையிலும் முதல் போத்தல் என்னுடையது, உணவறை வழியாகத்தான் அதை எடுத்துப் போக வேண்டும். மல்லிகா அக்கா அதைப் பல வருடம் ஒரு விழாவாகவே நடத்தினார்.

ஆனால் இவையெல்லாம் தண்டனையே அல்ல. கடைசியாக மேலாளர் அம்மா ஒன்று சொன்னார்: “கோயிலுக்குப் போம். நீரே போய்ச் சொல்லும்.” ஞாயிற்றுக்கிழமை, கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, சன்னிதிக்குப் பக்கத்தில் நின்று, சிறுநீர் என்ற சொல்லை எத்தனை மரியாதையாகச் சொல்ல முடியுமோ அத்தனை மரியாதையாகச் சொன்னேன். தலைவருக்குக் காது மந்தம். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சாலையில் போனவர்களும் நின்று கேட்டார்கள். சாவியை மஞ்சள் கயிற்றோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

புதியவர்களே, இரக்கப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு விதி தவறு என்று தெரிந்தால், அது தவறு என்று மேலே போய்ச் சொல்லுங்கள். சொல்லப் பயந்துகொண்டு, கீழே ரகசியமாகப் போத்தலை நிரப்பிக் கொடுக்காதீர்கள். அந்த இரக்கத்தில் முக்கால்வாசி நம் சௌகரியம்தான். அது மாட்டும்போது, நாம் யாருக்காக இரங்கினோமோ அவர் பெயரில்தான் மாட்டும்.

மறுநாள் திங்கட்கிழமை பண்டகசாலைக்குப் போனேன். பெருமாள் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் மஞ்சள் கயிறு. பத்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

“அண்ணே, வேல போற நேரத்துலகூட, நான் ஊத்தினதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே. ஏன்ணே?”

அவர் வண்டியைக் கிளப்பினார்.

“அது உங்க போத்தல் சார்.”